நீங்கள் கேட்ட விளக்கம்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு வார்டு செவிலியரின் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

அடுத்த மாதம் முதல் வார்டுகளில் புதிய பணி விதிகள் நடைமுறைக்கு வரும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே என் பெயருக்கு ஒரு மெமோ வந்துவிட்டது. சோதனை முறையில் எங்கள் கையில் கொடுக்கப்பட்ட கருவியில் பதிவான நேரத்தை வைத்து, "இரவுப் பணியின்போது ஒரே நோயாளியின் படுக்கையருகே அரை மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து உரையாடியது ஏன்?" என்று அதில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். விளக்கத்தை எழுதி மூடிய உறையில் கொடுத்திருக்கலாம். ஆனால் சுற்றறிக்கையும் மெமோவும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை. அந்த எண்ணம் என் ஒருத்தியோடு நிற்கப்போவதில்லை, எல்லா வார்டுகளிலும் படுத்திருக்கும் முதியவர்களைத் தொடப்போகிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுற்றறிக்கை சொல்வது இதுதான். பிபி பார்க்க இத்தனை நிமிடம், மாத்திரை கொடுக்க இத்தனை நிமிடம், ட்ரிப் மாற்ற இத்தனை நிமிடம் என்று ஒரு பட்டியல். படுக்கைக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை கருவியில் பதிய வேண்டும். பட்டியலில் இல்லாத எதற்கும் செலவாகும் நேரம் "பணிசாரா நேரம்" என்ற தலைப்பில் சேரும். நோயாளியோடு பேசுவது பட்டியலில் இல்லை. முதியவர்கள் அதிகம் தங்கும் பொது மருத்துவ வார்டில் இரவுப் பணிக்கு மூன்று செவிலியர்களுக்குப் பதிலாக இரண்டு பேர் போதும், ஏனெனில் இரவில் நோயாளிகள் உறங்குவார்கள். கடைசியாக, இரவு எட்டு மணிக்கு மேல் உடனிருப்பவர் யாருக்கும் அனுமதி இல்லை.

இரவில் நோயாளிகள் உறங்குவார்கள் என்ற வரியை எழுதியவர் எங்கள் வார்டில் ஓர் இரவு முழுக்க இருந்து பார்த்தவராக இருக்க முடியாது. முதியவர்களுக்கு மூச்சுத் திணறல் கூடுவதும், காய்ச்சலில் நினைவு தடுமாறுவதும், கட்டிலை விட்டு இறங்கப்போய் விழுவதும் பெரும்பாலும் விளக்குகள் அணைந்த பிறகுதான். பகலில் தெளிவாகப் பேசியவர் நள்ளிரவில் மகளின் பெயரையே மறந்துபோவார். அப்போது டாக்டர்கள் குறைவு, லேப் மெதுவாக இயங்கும், உறவினர் இல்லை. அருகில் இருப்பது நாங்கள் மட்டும்தான்.

சரி, நீங்கள் கேட்ட அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியவரிடமும் அவர் மகளிடமும் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் அடையாளமும் வேண்டாமென்று நானே விட்டுவிட்டேன்.

எண்பதைத் தாண்டியவர். நிமோனியா காய்ச்சலோடு வந்தவர். சேர்ந்த அன்று நன்றாகப் பேசினார் என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. முதல் இரவே அவர் உறங்கவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு வார்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். விளக்கைப் போடச் சொல்லியிருக்கிறார், மணி என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள் புகார் சொன்னார்கள். உறக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதப்பட்டது. அது அலர்ஜிக்குக் கொடுக்கும் பழைய வகை மருந்து. மயக்கம் தருவதால் உறக்கத்துக்கும் பலர் எழுதுவது வழக்கம்.

அடுத்தடுத்த இரவுகளில் நிலைமை மோசமானது. ட்ரிப் ஊசியைப் பிடுங்கினார். கட்டில் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டார். யார் யாரையோ அதட்டினார். "வயோதிகக் குழப்பம், ஒத்துழைப்பு இல்லை" என்று ரிப்போர்ட்டில் ஏறியது. நான் டியூட்டிக்கு வந்தபோது அவருடைய இரண்டு மணிக்கட்டும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. அடங்காவிட்டால் மயக்க ஊசி போடலாம் என்று ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவரில் சொன்னார்கள். சொன்ன செவிலியச் சகோதரியின் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் மாலை முழுக்க ஒரு நிமிடம் உட்காராமல் ஓடியவர்.

நான் கட்டை அவிழ்த்துவிட்டு அருகில் உட்கார்ந்தேன். கட்டிய கையோடு இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. "ஐயா, நான் நர்ஸ் பேசுறேன். இது ஆஸ்பத்திரி. உங்களுக்கு எங்க நோகுது?" என்று மெதுவாகக் கேட்டேன். பதில் வரவில்லை. "லைன் கிளியர் வரல. விடாதே, வண்டியை விடாதே," என்றார். கேட்பதை அவரால் பிடித்துவைக்க முடியவில்லை. ஒரு கேள்வியை மூன்று விதமாகக் கேட்டால் நடுவிலேயே கவனம் நழுவிப் போனது. சில நிமிடம் என்னைப் பார்ப்பார், அப்புறம் கண் எங்கேயோ போய்விடும்.

இது வயதால் வரும் மறதி அல்ல. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். சில நாள் முன்பு தெளிவாகப் பேசியவர் திடீரென்று இப்படி ஆனால், நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கினால், கவனம் நிற்காமல் போனால், அதற்கு டெலிரியம் என்று பெயர். உடம்புக்குள் வேறு ஏதோ கோளாறு என்பதற்கு அது அறிகுறி. ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம், நீர் வற்றியிருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், வலியாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம். இதைக் கட்டிலருகே சில நிமிடங்களில் கண்டறிய ஷாரன் இனோவே என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1990லேயே ஒரு முறையை வெளியிட்டுவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை வேண்டாம், இயந்திரம் வேண்டாம். நோயாளியோடு பேச வேண்டும், அவ்வளவுதான். பேசாமல் அந்தச் சோதனையைச் செய்ய வழியே இல்லை.

பேசிக்கொண்டே இருந்தேன். கட்டு அவிழ்ந்த வலது கை திரும்பத் திரும்ப அடிவயிற்றுக்குப் போவதைப் பார்த்தேன். சட்டையைப் பிடித்து இழுக்கிறார் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடம். கை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரை கல் போல இறுகியிருந்தது. தொட்டதும் முகம் சுருங்கியது. சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே போன நீர் எழுதப்பட்டிருக்கிறது, வெளியே வந்தது என்ற கட்டம் காலியாக இருக்கிறது. டயப்பர் ஈரமாக இருந்ததால் சிறுநீர் போகிறது என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். சிறுநீர்ப்பை நிரம்பித் தாங்காமல் சொட்டுச் சொட்டாக வழிந்த ஈரம் அது.

டியூட்டி டாக்டரை அழைத்தேன். வந்து பார்த்தவர் உடனே சிறுநீரை வெளியேற்றும் குழாயான கேத்தீட்டர் போடச் சொன்னார். வெளியே வந்த சிறுநீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. சாதாரணமாக நானூறு ஐந்நூறு மில்லிலிட்டர் சேர்ந்தாலே மனிதனால் இருப்புக்கொள்ள முடியாது. அதைப்போல இரண்டு மடங்கைச் சுமந்துகொண்டு, சொல்ல வார்த்தை கிடைக்காமல், கையும் கட்டப்பட்டு அவர் கிடந்திருக்கிறார். குழாயில் மாட்டிய பை நிறைய நிறைய அவர் உடம்பு தளர்வதை என் கண்ணால் பார்த்தேன். பற்களைக் கடித்திருந்த வாய் திறந்தது. நீண்ட மூச்சு ஒன்று விட்டார். மயக்க ஊசி தேவைப்படவில்லை.

காரணத்தைத் தேடியதும் டாக்டர்தான். பெரியவருக்கு ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம் உண்டு. உறக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்கவிடாமல் தடுக்கும் குணமுள்ளது. அதே மருந்து முதியவர்களின் மூளையையும் கலக்கிவிடும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991ல் பட்டியலாக வெளியிட்டார். அது திருத்தப்பட்டு இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. இந்த வகைப் பழைய அலர்ஜி மருந்துகள் அதில் உள்ளன. மாத்திரை அன்றே நிறுத்தப்பட்டது. அடுத்த ஓரிரு நாளில் அவர் தெளிந்துவிட்டார்.

இதுதான் நீங்கள் கேட்ட விளக்கம். அந்த அரை மணி நேரத்தில் கருவியில் பதிய என்னிடம் ஒரு வேலையும் இல்லை. பிபி பார்க்கவில்லை, மாத்திரை கொடுக்கவில்லை, ட்ரிப் மாற்றவில்லை. பேசினேன், பார்த்தேன், தொட்டேன். அதற்குப் பெயர் பணிசாரா நேரம் என்றால் எனக்குக் கற்றுத்தந்த நர்சிங் படிப்பில் பாதிக்கு மேல் பணிசாரா படிப்பு.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் உங்கள் சுற்றறிக்கை என்னிடமிருந்து பறிக்கப்போவது அதையும்தான்.

தெளிந்த பிறகும் அவர் இரவில் உறங்கவில்லை. ஆனால் இந்த முறை யாருக்கும் தொந்தரவு இல்லை. தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு விழித்திருந்தார். ரவுண்டு வரும்போது ஒரு நாள் கேட்டேன், "ஐயா, தூக்கம் வரலையா?" சிரித்தார். "எனக்கு ராத்திரியில தூக்கம் எப்பம்மா வந்திருக்கு? நான் சிக்னல் கேபின்காரன்," என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ரயில் பாதையோரம் ஒரு சிக்னல் கேபினில் பெரும்பாலும் இரவுப் பணிதான் பார்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. விடியும்போது படுத்து முற்பகலில் எழுவாராம். வீட்டில் அனைவருக்கும் இது தெரியும். இங்கே சேர்க்கும்போது யாரும் கேட்கவில்லை, கேட்பதற்குப் படிவத்தில் இடமும் இல்லை. வாழ்நாள் பழக்கத்தை உறக்கமின்மை என்று எடுத்துக்கொண்டு மாத்திரை கொடுத்திருக்கிறோம். வரிசையாக எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

லைன் கிளியர் என்றால் என்னவென்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்த நிலையத்தில் இருப்பவர் பாதை காலியாக இருக்கிறது என்று உறுதி சொல்லும்வரை வண்டியை அனுப்பக் கூடாது. அந்த உறுதிதான் லைன் கிளியர். காய்ச்சலிலும் மருந்து மயக்கத்திலும் தான் யார், எங்கிருக்கிறோம் என்பதே மறந்துபோன மனிதருக்கு அந்த ஒரு பொறுப்பு மட்டும் மறக்கவில்லை. யாரையோ அதட்டுகிறார் என்று நாங்கள் எழுதிவைத்தோம். அவர் ஒரு வண்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

அப்புறம் அவரிடம் பேச எனக்கே ஆசையாகிவிட்டது. வேலையெல்லாம் முடிந்து வார்டு அமைதியான பிறகு சில நிமிடம் நிற்பேன். சிக்னல் லீவர் இழுக்க எவ்வளவு பலம் வேண்டும், மூடுபனி இரவில் எப்படிச் சமாளிப்பார்கள், தூக்கத்தை விரட்ட என்ன செய்வார்கள் என்று கேட்பேன். அவர் என்னைக் கேட்பார். "பகல்ல தூங்குறியாம்மா? திரை போட்டுத் தூங்கு. வெளிச்சம் பட்டா தூக்கம் பாதிதான்." நைட் டியூட்டி பார்ப்பவரின் உடம்பு எப்படி இருக்கும் என்பது இந்தக் கட்டடத்தில் என் சக செவிலியர்களுக்கு அடுத்தபடியாகப் புரிந்தவர் அவர் ஒருவர்தான். எத்தனையோ நோயாளிகள் நன்றி சொல்லிப் போயிருக்கிறார்கள். இவர் என்னைத் தன் ஷிப்ட் ஆளாக நடத்தினார். இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

ஒருநாள் கேட்டேன், ஒன்றுமே நடக்காத இரவுகளில் சலிப்பாக இருக்காதா என்று. அவர் சொன்ன பதிலை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். "ஒண்ணும் நடக்காத ராத்திரிதாம்மா நல்ல ராத்திரி. அதுக்குத்தானே என்னை உட்கார வச்சிருந்தாங்க. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்னு ஒரு ஆபீசரும் எழுதினதில்ல."

இப்படிப் பேசிக்கொண்டிருந்ததால் அவர் நடக்கத் தொடங்கினார் என்பதையும் பதிவு செய்கிறேன். பிசியோதெரபி சகோதரர் வந்து கூப்பிட்டபோது முதலில் வர மறுத்தவர்தான். கேபின் படிகளைத் தினமும் ஏறி இறங்கிய கால் என்று பேச்சு வந்ததும், சரி, கதவு வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று தானே எழுந்தார். முதியவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007ல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோனது. நோயாளிக்கு இன்னும் வேகமாகக் கரையும். அவர் வந்தபோது இருந்ததைவிட மெலிந்துதான் வீடு திரும்பினார், ஆனால் தன் காலால் நடந்து திரும்பினார்.

இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஒரு விடியற்காலை அவர் மணியை அழுத்தினார். போனால் அவருக்கு ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டிலைக் காட்டி, "அவர் மூச்சு சத்தம் மாறியிருக்கு, நின்னு நின்னு வருது," என்றார். பார்த்தால் ஆக்சிஜன் குழாய் மூக்கிலிருந்து நழுவித் தோளில் கிடக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன், இறங்கியிருக்கிறது. குழாயைச் சரிசெய்து, தலையை உயர்த்தி வைத்து, டாக்டரைக் கூப்பிட்டோம். சமாளித்துவிட்டோம். அப்போது நாங்கள் மூன்று பேரும் வார்டின் அந்தக் கோடியில் புதிதாக வந்த நோயாளியோடு இருந்தோம். ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்குக் காவல் இருக்கும் நிலை நெகிழ்ச்சியான கதையாகச் சொல்லப்படக் கூடாது. மூன்று பேர் இருக்கும்போதே அந்த நிலை. இரண்டு பேர் போதும் என்கிறீர்கள் நீங்கள்.

என் ஒரு அனுபவத்தை வைத்து மருத்துவமனையை நடத்த முடியாது என்று சொல்வீர்கள். நியாயம். அப்படியானால் எண்களைப் பாருங்கள்.

லிண்டா எய்க்கன் தலைமையிலான குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002ல் முடிவை வெளியிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2014ல் வெளியான ஆய்விலும் அதே 7 சதவீதம். கலிபோர்னியா இதைச் சட்டமாகவே ஆக்கி, பொது வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறது. எங்கள் வார்டில் முப்பது கட்டில். மூன்று பேர் என்றால் ஆளுக்குப் பத்து. இரண்டு பேர் என்றால் ஆளுக்குப் பதினைந்து. கணக்கை நான் போட வேண்டியதில்லை.

ஆள் குறையும்போது முதலில் கைவிடப்படுவது எது என்பதும் தெரிந்த விஷயம். இங்கிலாந்து மருத்துவமனைகளில் 2,917 செவிலியர்களைக் கேட்டு 2014ல் வெளியான ஆய்வில், கடைசி ஷிப்டில் நேரமில்லாமல் ஏதாவது ஒன்றையாவது விட்டுவிட்டதாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். அதில் அதிகம் விடுபட்டது நோயாளியைத் தேற்றுவதும் அவரோடு பேசுவதும். 66 சதவீதம் பேர் அதை விட்டிருந்தார்கள். அதற்கும் முன்பே, 2006ல், பீட்ரிஸ் காலிஷ் என்ற நர்சிங் பேராசிரியர் வார்டுகளில் வழக்கமாக விடுபடும் ஒன்பது விஷயங்களைத் தொகுத்தார். நடக்கவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, மனத்துணை ஆகியவற்றோடு, உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் எழுதுவதும் அந்த ஒன்பதில் ஒன்று. எங்கள் பெரியவரின் சார்ட்டில் காலியாக இருந்த அதே கட்டம். யாரோ ஒருவரின் அலட்சியம் என்று அதை முடித்துவிட முடியாது. ஆளைக் குறைத்தால் அந்தக் கட்டம் எந்த மருத்துவமனையிலும் காலியாகத்தான் இருக்கும்.

பேச்சும் பக்கத்துணையும் மருந்துபோல வேலை செய்யுமா என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. நான் மேலே சொன்ன அதே இனோவே, 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளை வைத்து 1999ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு சில எளிய காரியங்கள்: இன்று என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று பேசி நினைவூட்டுவது, எழுந்து நடக்கவைப்பது, கண்ணாடியும் காது கருவியும் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, தண்ணீர் குடிக்கவைப்பது, இரவில் மாத்திரை இல்லாமல் உறங்க உதவுவது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இந்தக் காரியங்களில் பலவற்றைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். நாங்களோ உறவினரையே இரவில் வெளியே அனுப்பப்போகிறோம்.

உறவினர் இருந்தால் கூட்டம், சத்தம், தொற்று என்ற உங்கள் கவலை புரிகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் நான்கு பேர் நின்று பேசுவதை நானும் விரும்பமாட்டேன். ஆனால் தடுமாறிக் கிடக்கும் முதியவருக்கு அருகில் பழகிய முகம் ஒன்று இருந்தால், துணியும் ஊசியும் தேவைப்படாத இரவுகள் எத்தனையோ உண்டு. அவர் மகள் முதல் இரவே உடன் இருந்திருந்தால், "அப்பா எப்பவும் ராத்திரி முழிச்சிருப்பாரு" என்று ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

அந்த அரை மணி நேரத்தில் மற்ற நோயாளிகளின் நிலை என்ன என்றும் மெமோவில் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவரின் மாத்திரைகூடத் தாமதமாகவில்லை, பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். என் பங்கு நோயாளிகளை மற்ற இரண்டு சகோதரிகளும் பிரித்துப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேர் இருந்ததால் அது முடிந்தது. அடுத்த மாதம் அதே பெரியவர், அதே நிலையில் வந்தால், நான் கட்டை அவிழ்த்துவிட்டு உட்கார முடியாது. அவிழ்த்துவிட்டு எழுந்து போவதும் ஆபத்து, விழுந்துவிடுவார். கட்டோடு விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதைத் தவிர எனக்கு வழி இருக்காது. கருவியில் என் நேரம் அழகாகப் பதிவாகும். அந்தச் சிறுநீர்ப்பை காலைவரை அப்படியே இருக்கும்.

இளைய செவிலியர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. மெமோ வந்த செய்தி பரவியதிலிருந்து, கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போடவே பயப்படுகிறார்கள். நின்றபடியே கேள்வி கேட்டுவிட்டு, பதில் முடியும் முன் நகர்கிறார்கள். முதியவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். வலியைக்கூடச் சுற்றிவளைத்துத்தான் சொல்வார்கள். மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வரும் வயது அது. கடும் தொற்றிலும் காய்ச்சல் ஏறாமல் இருக்கலாம். "என்னமோ போல இருக்கு" என்ற ஒரு வார்த்தைதான் நமக்குக் கிடைக்கும் ஒரே தடயமாக இருக்கும். அதைச் சொல்ல அவர்களுக்கு நேரம் வேண்டும். கேட்க நமக்கு நேரம் வேண்டும்.

இனி என் கோரிக்கைகள்.

"பணிசாரா நேரம்" என்ற தலைப்பைக் கருவியிலிருந்து நீக்குங்கள். முதிய நோயாளியோடு உரையாடுவதையும் உற்றுக் கவனிப்பதையும் செவிலியர் பணி என்று பட்டியலில் சேருங்கள், அதற்கு நிமிட வரம்பு வைக்காதீர்கள். 70 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஷிப்டுக்கு ஒருமுறையாவது டெலிரியம் சோதனை செய்து பதிவதைக் கட்டாயமாக்குங்கள். அதற்கான பயிற்சியை எங்கள் சீனியர் சகோதரிகளே கொடுத்துவிடுவார்கள்.

பொது மருத்துவ வார்டில் இரவுப் பணிக்கு மூன்று பேர் என்பதை உடனே உறுதிப்படுத்துங்கள். மூன்றே போதாது என்பது என் கருத்து. அதை நிரூபிக்க, ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்பதை வார்டு வாசலில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண்களையும், விழுந்தவர்கள், படுக்கைப்புண் வந்தவர்கள், கை கட்டப்பட்டவர்கள் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.

டாக்டரின் எழுத்து உத்தரவு இல்லாமல் எந்த முதியவரின் கையையும் கட்டக் கூடாது என்று விதி கொண்டுவாருங்கள். உத்தரவு எழுதும் முன்பு சிறுநீர், மலம், வலி, ஆக்சிஜன், காது கருவி, கண்ணாடி, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை பார்க்கப்பட்டதா என்று கையெழுத்து வாங்குங்கள். முதியவர்களுக்கு இரவில் எழுதப்படும் உறக்க மருந்துகளை மருந்தாளுநர் மறுநாள் காலையே சரிபார்க்க வேண்டும்.

சேர்க்கைப் படிவத்தில் சில வரிகளைக் கூட்டுங்கள். என்ன வேலை பார்த்தவர், எப்போது உறங்கி எப்போது எழுபவர், எந்தக் காது நன்றாகக் கேட்கும், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள். கூடுதலாக ஒரு தாள்கூட ஆகாது.

தடுமாற்றம் உள்ள முதியவருக்கு இரவில் ஒரே ஒரு உறவினர் உடனிருக்க அனுமதி கொடுங்கள். யாருக்கு என்று தீர்மானிக்கும் பொறுப்பை அந்தந்த ஷிப்டின் பொறுப்புச் செவிலியரிடம் விடுங்கள்.

எனக்குக் கொடுத்த மெமோவை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள், என் பணிப் பதிவேட்டிலிருந்தும் அதை நீக்குங்கள். இதே காரணத்துக்காக மெமோ பெற்ற மற்ற செவிலியர்களுக்கும் அப்படியே செய்யுங்கள். அவர்கள் பேசத் தயங்குகிறார்கள் என்பதால் விட்டுவிடாதீர்கள்.

சுற்றறிக்கையைச் செவிலியர் பிரதிநிதிகள், டாக்டர்கள், நோயாளிகளின் குடும்பத்தார் சிலர் அமர்ந்து பேசி முடிக்கும்வரை நிறுத்திவையுங்கள். அந்தக் கூட்டத்தின் தேதியை இந்த மாதம் முடிவதற்குள் வார்டு அறிவிப்புப் பலகையில் எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பொது மருத்துவ வார்டு இரவுப் பணிச் செவிலியர்